குளத்தைத் திருத்துமுன் கலந்தாலோசிப்போம்

ஹிஜ்ரி 2இல் பத்ருக்கு வந்த நபி (ஸல்) அவர்கள் ஓரிடத்தில் இறங்கினார்கள். அந்தத் தண்ணீர்த் துறைகளை நன்கறிந்த ஹுபாப் இப்னுல் முன்திர் (ரழி) அவர்கள், இது வஹியின் கட்டளையா, தங்கள் சொந்த யோசனையா எனப் பணிவுடன் வினவினார்கள். யோசனைதான் என்றறிந்ததும் வேறொரு கிணற்றருகே செல்வதே சிறந்தது என்றார்கள். நபியவர்கள் தயங்காது இடத்தை மாற்றிக்கொண்டார்கள் என ஸீரா நூல்கள் கூறுகின்றன. இடமறிந்தவனைக் கேட்பது தலைமைக்குக் குறைவல்ல என்பதே இதிலுள்ள பாடம்.

நமது வறண்ட வலயக் குளங்களைத் திருத்தும்போது இந்தப் பாடம் மறந்து போகிறது. குளம் என்பது கட்டும் துருசும் வானும் மட்டுமல்ல. நீர் வந்து சேரும் மேற்பக்கத்தில் வண்டலைத் தடுக்கும் புல்வெளி, காற்றைத் தடுத்து நீர் ஆவியாவதைக் குறைக்கும் மரவரிசை, கட்டுக்கும் வயலுக்குமிடையே உப்பை உறிஞ்சும் 'கட்டக்காடுவ' என்னும் மரச்செடித் தொகுதி ஆகிய அனைத்தும் சேர்ந்ததே குளம். ஒன்றன் நீர் மற்றதில் இறங்கும் இத்தொடர்குள முறையை ஐ.நா. உணவு விவசாய நிறுவனம் 2017இல் உலக விவசாய மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது.

வரைபடத்தை மட்டும் பார்ப்பவருக்குக் கட்டக்காடுவ வெறும் பற்றைக் காடு. அதை வெட்டி வயலாக்கினால் உப்பு நெல்லைத் தேடி வரும். இதைக் கடைக்கண்டத்துக் கமக்காரர் அறிவார். மேய்ச்சல் வழியை மாடு வளர்ப்பவர் அறிவார். எந்தக் கிணறு எந்த மாதத்தில் உவர்க்கும் என்பதை நீர் அள்ளும் பெண்கள் அறிவார்கள். ஆனால், கன்னக் கூட்டத்தில் பெண்களின் குரல் எத்தனை தடவை கேட்கிறது? ஹிஜ்ரி 6இல் ஹுதைபிய்யாவில் இக்கட்டான வேளையில் நபியவர்கள் உம்மு ஸலமா (ரழி) அவர்களின் ஆலோசனையைக் கேட்டு, அதன்படியே நடந்தார்கள்.

கலந்தாலோசித்தால் எல்லாரும் ஒரே குரலில் பேசுவார்கள் என்பதில்லை. குள ஒதுக்கீட்டு நிலத்தில் பயிர் செய்பவருக்கு அங்கே மரம் நடுவது நட்டமாகத் தெரியும். அவரை ஒதுக்கிவிட்டு நட்ட கன்று நிலைக்காது. முன்கூட்டியே பேசி, மாற்று வழி கண்டு, உடன்பாட்டுக்கு வருவதே முறை.

நம் குளத்து நீர் அடுத்த ஊர்க் குளத்துக்கும் போகிறது. அவ்வூரார் எம்மதத்தவராயினும் தண்ணீரில் நமக்கு அயலவர்கள். ஆகவே மஷூரா நமது பள்ளிவாசல் முற்றத்தோடு நின்றுவிடலாகாது. அடுத்த பெரும்போகக் கூட்டத்துக்கு முன்பே ஜமாஅத்தாரும் விவசாயிகள் சங்கத்தாரும் அயலூராரோடு குளத்தை ஒருமுறை சுற்றி வரட்டும். வீடுகளில் பெண்களிடமும் கேட்டு வரட்டும்.

கலந்தாலோசனையின் பெயரிலேயே ஓர் அத்தியாயத்தைத் தன்னகத்தே கொண்டது நமது வேதம். அதன்படி நடக்க அல்லாஹ் அருள்புரிவானாக!