கணுக்கால் அளவு தண்ணீர்: வைகைக்கு மார்க்கம் சொல்லும் தீர்ப்பு

மேற்கிலிருந்து வரும் வைகை மதுரை மாநகருக்குள் நுழையும் இடத்தில், தென்கரையில் இருக்கிறது கோச்சடை. தென்மேற்கே நாகமலை நீண்டு கிடக்கிறது. அதன் அடிவாரத்து மழைநீரைச் சேர்த்துக்கொண்டு ஓடிய கிருதுமால் நதி, இன்று நகருக்குள் சாக்கடையாகிவிட்டது. ஆண்டின் பல மாதங்கள் வைகையிலும் மணல்திட்டும் கருவேலமும் கழிவுநீரும்தான். வெள்ளம் வந்தால் மட்டும் ஆறு என்ற ஒன்று இருப்பது நமக்கு நினைவுக்கு வருகிறது.

வருசநாட்டு மலையில் பிறக்கும் வைகையின் நீளம் சுமார் 258 கிலோமீட்டர். தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை மாவட்டங்களைக் கடந்து ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்குத் தண்ணீர் கொடுத்து, ஆற்றங்கரை அருகே கடலில் சேர வேண்டிய ஆறு இது. மழையை மட்டும் நம்பிய இந்த ஆற்றுக்கு, மேற்கு நோக்கி ஓடிய பெரியாற்றைத் திருப்பிவிட 1886-ல் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் போடப்பட்டது. பென்னிகுயிக் கட்டிய முல்லைப் பெரியாறு அணை 1895-ல் பயன்பாட்டுக்கு வந்தது. மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக அந்தத் தண்ணீர் இன்றும் நமக்கு வருகிறது. 1959-ல் வைகை அணை திறக்கப்பட்டது.

ஆகவே நாம் குடிப்பது இரண்டு மாநிலங்களின் மலைகளிலிருந்து வரும் தண்ணீர். பங்கீட்டுச் சண்டை இதற்குப் புதிதல்ல. 142 அடி வரை நீர் தேக்கலாம் என்று 2014 மே 7-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகும் கேரளத்துடனான பிரச்சினை ஓயவில்லை. லோயர் கேம்பிலிருந்து குழாய் வழியாக மதுரைக்குக் குடிநீர் கொண்டுவரும் திட்டம் வந்தபோது, கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகள் எதிர்த்தார்கள். கேரளத்தைப் பார்த்து ‘எங்கள் உரிமை’ என்று பேசும் மதுரை, ராமநாதபுரத்துக் கடைமடை விவசாயிக்கு என்ன பதில் வைத்திருக்கிறது?

நபிகளாரின் தீர்ப்பு

மதீனாவில் மஹ்ஸூர் என்ற ஓடையின் தண்ணீர் குறித்து நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்தார்கள். மேலே இருப்பவர் தம் நிலத்தில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீரைத் தேக்கிக்கொள்ளலாம். அதன்பின் கீழே இருப்பவருக்குத் திறந்துவிட வேண்டும். இது அபூதாவூதில் பதிவாகியுள்ளது. ஸுபைர் (ரலி) அவர்களுக்கும் அன்சாரித் தோழர் ஒருவருக்கும் வாய்க்கால் தகராறு வந்தபோதும், நீர் பாய்ச்சிவிட்டு அண்டை வீட்டாருக்கு விட்டுவிடுமாறே நபி (ஸல்) அவர்கள் முதலில் சொன்னார்கள். இது புகாரியில் உள்ள செய்தி.

இந்தத் தீர்ப்பில் இரண்டு விஷயங்கள் உள்ளன. மேல்மடைக்காரருக்கு முதல் உரிமை உண்டு, அதை யாரும் மறுக்க முடியாது. அந்த உரிமைக்கு ஓர் அளவும் உண்டு, அளவு நிறைந்த பிறகு தடுத்து வைப்பது அநீதி.

அந்த அளவை மறந்தால் என்னவாகும் என்பதற்கு வடக்கே ஒரு பாடம் இருக்கிறது. இமாம் திர்மிதி அவர்களின் ஊரான திர்மித், ஆமூ தர்யா கரையில் உள்ளது. பரந்து விரிந்த சோவியத் ஒன்றியம் 1960-களிலிருந்து பருத்தி சாகுபடிக்காக ஆமூ தர்யா, சிர் தர்யா ஆறுகளின் நீரைப் பெருமளவில் திருப்பியது. உலகின் நான்காவது பெரிய ஏரியாக இருந்த ஆரல் கடல் வற்றிப்போனது. முய்னாக் துறைமுகத்தில் கப்பல்கள் மணலில் துருப்பிடித்துக் கிடக்கின்றன.

ஆற்றின் ஹரீம்

தண்ணீரைப் போலவே தண்ணீர் செல்லும் இடத்துக்கும் சட்டம் உண்டு. ஆறு, கிணறு ஆகியவற்றைச் சுற்றியுள்ள பாதுகாப்பு எல்லையை ஃபிக்ஹ் நூல்கள் ‘ஹரீம்’ என்கின்றன. அதை யாரும் சொந்தமாக்க முடியாது. ஆற்றின் ஹரீமில் கட்டப்பட்டது பள்ளிவாசலாகவே இருந்தாலும் இடிக்கப்பட வேண்டும் என்று இமாம் இப்னு ஹஜர் ஹைத்தமி அவர்களின் ‘துஹ்ஃபா’ போன்ற ஷாஃபிஈ நூல்கள் கூறுகின்றன. அல்லாஹ்வின் இல்லத்துக்கே சலுகை இல்லாத இடத்தில் மற்ற கட்டடங்களுக்கு ஏது?

மதுரையில் நடந்ததைப் பாருங்கள். தல்லாகுளம் கண்மாய் இருந்த இடத்தில் மாநகராட்சி அலுவலகம். உலகனேரி கண்மாயில் 2004-ல் திறக்கப்பட்ட உயர் நீதிமன்றக் கிளை. ஆக்கிரமிப்பை அகற்ற உத்தரவிடும் நீதிமன்றமும், அகற்ற வேண்டிய மாநகராட்சியும் நீர்நிலையில் அமர்ந்திருக்கும்போது சாமானியனிடம் என்ன சொல்வது?

2024 அக்டோபர் 25 அன்று சில மணி நேரம் கொட்டிய மழையில் செல்லூர்ப் பகுதி வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. செல்லூர்க் கண்மாயின் உபரிநீர் வைகைக்குச் செல்லும் வழி பந்தல்குடி வாய்க்கால். 2025 மே மாத இறுதியில் முதல்வர் மதுரை வந்தபோது அந்த வாய்க்கால் துணியால் மறைக்கப்பட்டது செய்தியானது. திரையை விலக்கினால் உள்ளே இருப்பது நாம் எல்லோரும் சேர்ந்து கொட்டியதுதான்.

நம் பங்கு

‘நாம் எல்லோரும்’ என்பதில் முஸ்லிம்களும் அடக்கம். ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்ததும் குர்பானிக் கழிவுகளை ஆற்றிலும் வாய்க்காலிலும் போடுபவர்கள் நம்மில் இல்லையா? நீர்த்துறையிலும் பாதையிலும் நிழலிலும் அசுத்தம் செய்வது சாபத்துக்குரிய செயல் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். அப்படியிருக்க, குர்பானி என்ற வணக்கத்தை அந்தச் சாபத்தோடு முடிப்பது எப்படித் தகும்?

ஒவ்வொரு ஜமாஅத்தும் மூன்று காரியங்களைச் செய்யலாம். குர்பானிக் கழிவுகளைப் புதைக்கவோ மாநகராட்சி வண்டியில் சேர்க்கவோ முன்கூட்டியே ஏற்பாடு செய்வது. உளூச் செய்த நீரைச் சாக்கடையில் விடாமல் பள்ளிவாசல் வளாகத்திலேயே மண்ணுக்குள் இறக்குவது. தம் பகுதி வாய்க்காலின் ஹரீமில் நம் சமுதாயத்தார் யாரும் கட்டியிருந்தால், அதிகாரி வருவதற்கு முன் நாமே பேசி விலகச் செய்வது.

கேரளத்திடமும் அரசிடமும் நியாயம் கேட்பது நம் உரிமை. நம் வீட்டு வாசலில் ஓடும் வாய்க்காலுக்கு நியாயம் செய்த பிறகு கேட்டால் அந்தக் குரலுக்கு வலிமை அதிகம். உயிருள்ள ஒவ்வொன்றையும் தண்ணீரிலிருந்து படைத்ததாகக் கூறும் இறைவன், அந்த அமானிதத்தைப் பற்றி நம்மிடம் விசாரிப்பான். அந்த விசாரணையில் தப்பிக்கும் நல்லடியார்களாக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக! ஆமீன்.