ஏரி உள்வாயில் என் ஒரு கிரவுண்டு

போன மாதம் என் பழைய அலுவலகத் தம்பி ஒருவர் போனில் கூப்பிட்டார். எனக்குப் பத்து வருடம் ஜூனியர். மே மாதக் கடைசியில் ஓய்வு பெற்றிருக்கிறார். சேமநல நிதி, கிராஜுவிட்டி, கம்யூட்டேஷன் எல்லாம் சேர்ந்து கையில் ஒரு தொகை வந்திருக்கிறது. "சார், உங்க ஒரு கிரவுண்டு சும்மாதானே கிடக்கு? எனக்குக் குடுத்துடுங்க. மார்க்கெட் விலையே தரேன். வெளியாள்கிட்ட வாங்குறதைவிட உங்ககிட்ட வாங்கினா நிம்மதி" என்றார்.

முடியாது என்றேன். காரணம் கேட்டார். நான் சொன்ன காரணம் அவருக்குப் பிடிக்கவில்லை. "நீங்க வாங்கினப்போ சரி, நான் வாங்கினா தப்பா சார்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

நியாயமான கேள்விதான். அவருக்கும், அவரைப் போல ஓய்வுக்காலப் பணத்தை வைத்துக்கொண்டு செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே மனை தேடி அலைகிற நண்பர்களுக்கும் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன். கொஞ்சம் கசக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த மனையை நான் வாங்கியது 1993இல். தவணை முறை மனைகள் கொடிகட்டிப் பறந்த காலம் அது. மாதம் 400 ரூபாய், 60 மாதம். ஞாயிற்றுக்கிழமை காலையில் தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் வேன் நிற்கும். புளியோதரை, தயிர்சாதப் பொட்டலம் உண்டு. முன்பணம் கட்டினால் வீட்டம்மாவுக்கு ஒரு குங்குமச் சிமிழ். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற வழியில் உள்ளே தள்ளி ஒரு கிராமம். பெயர் வேண்டாம்.

சித்திரை வெயிலில் பாளம் பாளமாக வெடித்த களிமண் தரை. நடந்தால் காலடியில் நத்தை ஓடுகள் நொறுங்கின. அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் எங்களைப் பார்த்து, "சாமி, இது ஏரி உள்வாயாச்சே, இங்கயா வூடு கட்டப் போறீங்க?" என்றார். வேனில் வந்திருந்த நாங்கள் பதினைந்து பேரும் சிரித்தோம். படித்தவர்கள், அரசு வேலையில் இருப்பவர்கள். நத்தை ஓடு ஏன் அங்கே கிடக்கிறது என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

2005 மழையில் போய்ப் பார்த்தேன். மனைக்கல் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. 2015 டிசம்பரில் மார்பளவு தண்ணீர். அதற்குள் அங்கே வீடு கட்டிக் குடியேறியிருந்த சிலர் மொட்டை மாடியில் இரண்டு இரவு இருந்திருக்கிறார்கள். அதன் பிறகு நடந்ததுதான் என் மனதை அறுக்கிறது. வீடுகளில் தண்ணீர் நிற்கக் கூடாது என்று, ஏரியின் கலங்கலை யாரோ ராத்திரியில் உடைத்துவிட்டார்கள். கரைக்குக் கீழே இருந்த ஆயக்கட்டு அந்தக் கார்த்திகையில் மூழ்கியது, மாசியில் காய்ந்தது. அதற்கடுத்த வருடங்களில் ஏரி நிறையவே இல்லை. பயிர் வைத்தவர்கள் ஒவ்வொருவராக நிலத்தை விற்றார்கள். யாருக்கு? அடுத்த மனைப்பிரிவு போடுகிறவருக்கு.

நாம் ஏமாற்றப்பட்டோம் என்று நமக்குள் பேசிக்கொள்கிறோம். ஓய்வூதியர் கூட்டங்களில் இதைச் சொல்லிச் சொல்லி ஆறுதல் அடைகிறோம். நான் இனிமேல் அப்படிச் சொல்ல மாட்டேன். ஏமாந்தது கொஞ்சம். ஆசைப்பட்டது நிறைய. நாம் மாதம் 400 ரூபாய் கட்டியதால்தான் அந்த உள்வாயில் கல் நட்டார்கள். வாங்க ஆளில்லாத இடத்தில் யாரும் மனை போடுவதில்லை.

நம் செங்கல்பட்டுச் சீமைக்கு ஏரி மாவட்டம் என்று பெயர். அது சும்மா வைத்த பெயரா? பாலாற்றில் வருடம் முழுவதும் மணல்தான். மழை ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போய்விடும். அந்தத் தண்ணீரைப் பிடித்து வைக்கத்தான் ஒரு ஏரியின் கலங்கல் அடுத்த ஏரிக்கு வழிகிற மாதிரி சங்கிலியாகக் கட்டி வைத்தார்கள். நடுவில் ஒன்றைத் தூர்த்தால் மேலே இருப்பவனுக்கு வெள்ளம், கீழே இருப்பவனுக்கு வறட்சி. மதுராந்தகத்தில் ஏரிக்கரை உடையாமல் ராமரே வந்து காவல் நின்றார் என்றும், கலெக்டர் துரை பிளேஸ் அதைக் கண்ணால் பார்த்தார் என்றும் நம் பாட்டிமார் கதை சொன்னார்கள். ஏரி காத்த ராமர் என்று இன்றும் கும்பிடுகிறோம். கும்பிட்டுவிட்டு வந்து, ஏரியில் மனை விற்பவரின் வேனில் ஏறுகிறோம்.

"சார், அதெல்லாம் பழைய கதை. இப்ப உங்க மனை வரன்முறை ஆயிடுச்சே, பேப்பர் எல்லாம் கிளியரா இருக்கே" என்றார் தம்பி. ஆமாம், ஆகியிருக்கிறது. எப்படி ஆனது என்று சொல்கிறேன்.

2016 செப்டம்பர் 9ஆம் தேதி அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. விளைநிலம் எல்லாம் மனையாகிறது, நீர்நிலை அழிகிறது என்பதுதான் வழக்கு. தமிழ்நாடு முழுவதும் ஒரே கூக்குரல். பெண் கல்யாணத்துக்கு விற்க முடியவில்லை, பிள்ளை படிப்புக்கு விற்க முடியவில்லை என்று நானும் சேர்ந்து கத்தினேன். 2017 மே மாதம் அரசு வரன்முறை விதிகளைக் கொண்டுவந்தது. 2016 அக்டோபர் 20ஆம் தேதிக்கு முன் போட்ட மனைப்பிரிவுகள் கட்டணம் கட்டி வரன்முறை செய்துகொள்ளலாம். நீர்நிலையில் இருப்பதற்குக் கிடையாது. ஆனால் என் மனை பதிவேட்டில் பட்டா புஞ்சை. ஏரி என்ற சொல் பக்கத்து சர்வே எண்ணில் இருக்கிறது, என் எண்ணில் இல்லை. மனு போட்டேன், பணம் கட்டினேன், காகிதம் வந்தது. தண்ணீருக்கு சர்வே எண் தெரியாது என்பதை அந்த விண்ணப்பத்தில் எழுத இடமில்லை.

சட்டப்படி நான் இன்று குற்றமற்றவன். ஆனால் அந்த மனையை இன்னொருவர் தலையில் கட்டினால், அந்தப் புளியோதரைப் பொட்டலக்காரருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

"காசுள்ளவன் நகரத்துக்குள்ள அப்ரூவ்டு மனை வாங்குவான். நம்மளை மாதிரி ஆளுங்க எங்க சார் போறது?" இதுவும் தம்பி கேட்டதுதான். தலைக்கு மேல் கூரையே இல்லாதவர் இதைக் கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. அவரை இங்கே தள்ளியது ஊருக்குள் இருக்கும் விலை. ஆனால் தம்பிக்குக் குரோம்பேட்டையில் சொந்த வீடு இருக்கிறது. எனக்கும் அப்போது ஒரு வீடு இருந்தது. நம்மில் பெரும்பாலோர் வாங்குவது இரண்டாவது, மூன்றாவது. குடியிருப்பதற்கு இல்லை, விலை ஏறும் என்று காத்திருப்பதற்கு. அதற்காகவா ஒரு ஊரின் தண்ணீரை எடுத்துக்கொள்வது?

சரி, ஏரி வேண்டாம், கடற்கரைப் பக்கம் பார்க்கலாம் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கோவளத்திலிருந்து கல்பாக்கம் வரை கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம் என்று ஒன்று 1991 முதல் இருக்கிறது. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை அதன் கட்டுப்பாடு உண்டு. கிராமப்புறக் கரையில் முதல் 200 மீட்டரில் புதிதாக வீடு கட்டவே முடியாது என்றுதான் நெடுங்காலம் இருந்தது. 2019 அறிவிக்கையில் மக்கள் நெருக்கம் மிகுந்த ஊர்களுக்கு மட்டும் அது 50 மீட்டராகக் குறைந்திருக்கிறது. மாமல்லபுரத்தில் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களைச் சுற்றி 100 மீட்டரில் கட்டத் தடை, அதற்கப்புறம் 200 மீட்டரில் அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். 2010ஆம் வருடத் திருத்தச் சட்டம் சொல்வது இது. கடல் தெரியும் மனை என்று விளம்பரம் வரும். இந்த மீட்டர் கணக்கு அதில் வராது.

இன்னொன்றைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கே அர்த்தமில்லை. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரமன்ஹீர் 1891இல் இந்த மாவட்டத்துத் தலித் மக்களின் நிலை பற்றி அறிக்கை கொடுத்தார். அதன் பலனாக 1892 முதல் அவர்களுக்கு ஒதுக்கிய நிலம்தான் பஞ்சமி நிலம். பத்து வருடம் விற்கக் கூடாது, பிறகு விற்றாலும் அவர்களுக்குள்ளேயே விற்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்த நிலங்கள் எவ்வளவு கை மாறியிருக்கின்றன என்பது நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியாததா? மாமல்லபுரம் பக்கத்துக் காரணை நிலத்தைக் கேட்டு நடந்த போராட்டத்தில், 1994 அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்று இரண்டு பேர் செத்துப் போனார்கள். அப்போது நான் 400 ரூபாய்த் தவணை கட்டிக்கொண்டிருந்தேன். பேப்பரில் படித்தேன். நம் மனைக்கு ஒன்றும் ஆகாதே என்றுதான் முதலில் நினைத்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

"சார்பதிவாளர் பதிஞ்சு குடுத்துட்டாரே, முப்பது வருஷ வில்லங்கம் போட்டுப் பார்த்தாச்சே" என்பார்கள். பத்திரப்பதிவு என்பது இன்னார் இன்னாருக்கு எழுதிக் கொடுத்தார் என்பதற்குச் சாட்சி. விற்றவருக்கு உரிமை இருந்தது என்பதற்கு அரசு தரும் உத்தரவாதம் அல்ல. வில்லங்கச் சான்றில் பதிவான பரிவர்த்தனைகள் வரும். ஏரி வராது, நீர்வரத்துக் கால்வாய் வராது, பஞ்சமி என்று வராது.

வாங்கியே தீருவேன் என்பவர்கள் இதையாவது செய்யுங்கள். தாலுகா அலுவலகத்தில் அ-பதிவேடும் புலப்படமும் கேட்டு, உங்கள் எண்ணோடு சுற்றியுள்ள எண்களையும் பாருங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். பதியாமல் விளம்பரம் செய்வதே தப்பு. கிளாம்பாக்கம் பஸ் நிலையத்திலிருந்து இருபது நிமிடம் என்று சொன்னால், ராத்திரி பத்து மணிக்கு நெஞ்சு வலித்தால் ஆஸ்பத்திரிக்கு எத்தனை நிமிடம் என்று கேளுங்கள். நம் வயதுக்கு அந்தக் கணக்குதான் முக்கியம். ஊரில் ஆடு மேய்ப்பவரிடம் பேசுங்கள். சிரிக்காமல் கேளுங்கள்.

என் மனையைப் பற்றி என் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். வேலி போட மாட்டேன், மண் கொட்டி மேடாக்க மாட்டேன், விற்க மாட்டேன். எனக்குப் பிறகும் விற்காதீர்கள் என்று எழுதி வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கிற வரை நிற்கட்டும். ஒரு கிரவுண்டினால் ஏரி திரும்பி வந்துவிடாது என்று எனக்கும் தெரியும். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

தம்பி, கோபம் தணிந்ததும் ஒரு போன் பண்ணுங்கள். ஐப்பசிக் கடைசியில் இரண்டு பேரும் அங்கே போவோம். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உங்களை அந்த மனை வரைக்கும் நானே கூட்டிப் போகிறேன். அதற்கப்புறமும் வேண்டும் என்று உங்களால் சொல்ல முடிந்தால், அப்போது விலை பேசலாம்.