விடுமுறை விசா: நீட்டிப்புக்கு என்ன விலை?

ஆண்டுக்கு 1,000 இடங்கள். முதல் இரண்டு வாரங்களிலேயே சுமார் 40,000 விண்ணப்பங்கள். இந்தியர்களுக்கான ‘பணி மற்றும் விடுமுறை’ விசாவுக்கு ஆஸ்திரேலியா 2024 அக்டோபரில் முதன்முறையாகக் குலுக்கல் அறிவித்தபோது கிடைத்த வரவேற்பு இது. எண்ணிக்கையை வெளியிட்டவர் அந்நாட்டின் குடிவரவுத் துறை உதவி அமைச்சர் மேட் திசில்த்வெயிட். 2022 டிசம்பர் 29 அன்று நடைமுறைக்கு வந்த இந்திய-ஆஸ்திரேலியப் பொருளாதார ஒத்துழைப்பு, வணிக உடன்படிக்கையின் வழியாக இந்த வாய்ப்பு உருவானது. 18 முதல் 30 வயது வரை உள்ளவர்கள் ஓராண்டு தங்கி, ஊர் சுற்றலாம், வேலையும் பார்க்கலாம்.

விண்ணப்பித்தவர்களில் எத்தனை பேர் ஊர் சுற்றுவதற்காக விண்ணப்பித்திருப்பார்கள் என்ற கேள்விக்கு விடை தேட ஆஸ்திரேலியா வரை போக வேண்டியதில்லை. ஸ்ரீபெரும்புதூர்-ஒரகடம் தொழில் வளாகத்தில், பிள்ளைப்பாக்கம் சிப்காட் வாசலில் வேலைநேரம் மாறும் வேளையில் நின்று பார்த்தாலே போதும்.

வாசலுக்கு உள்ளே ஒரு நீட்டிப்பு

1990-களின் இறுதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தியைத் தொடங்கியதிலிருந்து இந்தப் பகுதி தமிழ்நாட்டின் தொழில் முகமாக வளர்ந்திருக்கிறது. ஒரகடத்தில் ரெனோ-நிசானும் டைம்லரும், சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கானும் வந்தன. பிள்ளைப்பாக்கத்தில் 2024 ஜனவரியில் அமெரிக்காவின் ஃபர்ஸ்ட் சோலார் நிறுவனம் 3.3 கிகாவாட் திறன் கொண்ட சூரியத் தகடு ஆலையைத் திறந்தது. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் 18,720 பெண் தொழிலாளர்களுக்கான விடுதி வளாகம் திறக்கப்பட்டது. வேலை இங்கே இருக்கிறது. நிரந்தரம்தான் அரிதாக இருக்கிறது.

டிப்ளமோவோ பட்டமோ முடித்து இங்கு வரும் இளைஞர் பலருக்குக் கிடைப்பது பயிற்சியாளர், பணிபழகுநர், ஒப்பந்ததாரர் வழி ஊழியர் என்ற நிலைகளில் ஒன்று. ஓராண்டு முடிந்ததும் அடுத்த ஆண்டுக்கு நீட்டிப்பார்களா என்ற எதிர்பார்ப்பு, நீட்டிக்காவிட்டால் அடுத்த சிப்காட். 24 மாதங்களுக்குள் 480 நாள் தொடர்ந்து பணிபுரிந்த தொழிலாளரை நிரந்தரமாக்க வேண்டும் என்று 1981-லேயே தமிழ்நாடு சட்டம் இயற்றியது. பெயரை மாற்றி, இடைவெளி விட்டு, அந்த 480 நாள் கணக்கு நிறைவடையாமல் பார்த்துக்கொள்கிறார்கள் என்பது தொழிற்சங்கங்களின் நெடுநாளைய குற்றச்சாட்டு. 2014 நவம்பரில் மூடப்பட்ட நோக்கியா ஆலையின் நினைவு, நிரந்தரப் பணியும் நிரந்தரமன்று என்ற பாடத்தை இந்த வட்டாரத்துக்குக் கற்பித்திருக்கிறது.

இத்தகைய சூழலில் வாழும் 24 வயது இளைஞருக்கு விடுமுறை விசா விடுமுறையாகத் தெரிவதில்லை. இங்கே வாங்கும் மாத ஊதியத்தை அங்கே சில நாள்களில் ஈட்டலாம் என்ற கணக்காகவே தெரிகிறது. கணக்கிலும் பிழையில்லை. 2025 ஜூலை நிலவரப்படி ஆஸ்திரேலியாவின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 24.95 டாலர். நுழைவுச் செலவும் ஒப்பீட்டளவில் குறைவு. முதல் குலுக்கலின்போது பதிவுக் கட்டணம் 25 டாலர், விசா கட்டணம் 650 டாலர், கையிருப்பாகக் காட்ட வேண்டிய தொகை சுமார் 5,000 டாலர். அதே காலத்தில் மாணவர் விசாவுக்குக் கட்டணம் மட்டும் 1,600 டாலர்; வாழ்க்கைச் செலவுக்குக் காட்ட வேண்டிய தொகை 29,710 டாலர். இரண்டு ஆண்டு உயர்கல்வியும் செயல்முறை ஆங்கிலமும் இருந்தால் விடுமுறை விசாவின் தகுதி வரம்பைக் கடந்துவிடலாம். தொழில் வளாகத்தின் டிப்ளமோ இளைஞர்களில் பெரும்பகுதியினர் இந்த வரையறைக்குள் வரக்கூடியவர்கள்.

வாசலுக்கு வெளியே இன்னொரு நீட்டிப்பு

ஓராண்டில் கடன் அடையும்; சேமிப்பு சேராது. எனவே, சென்றவரின் கவனம் சில மாதங்களிலேயே அடுத்த ஆண்டின் பக்கம் திரும்பிவிடும். இந்த விசாவின் உண்மையான உள்ளடக்கம் அங்கேதான் தொடங்குகிறது.

சட்டப்படி இது நீட்டிப்பு அன்று; இரண்டாவது விசா. அதற்குக் குலுக்கல் கிடையாது. மாறாக, முதல் ஆண்டில் மூன்று மாதங்கள் ‘குறிப்பிட்ட வேலை’ செய்திருக்க வேண்டும். முழுநேர வேலையென்றால் விடுப்பு நாள்களையும் சேர்த்துக் குறைந்தது 88 நாள் என்பது நடைமுறைக் கணக்கு. மூன்றாவது விசா வேண்டுமானால் இரண்டாம் ஆண்டில் ஆறு மாதங்கள். தோட்டம், கால்நடைப் பண்ணை, மீன்பிடிப்பு, மரம் வெட்டுதல், கட்டுமானம், தொலைதூரப் பகுதிகளின் விடுதி வேலை ஆகியவை பட்டியலில் உண்டு. அவற்றையும் வரையறுக்கப்பட்ட பகுதிகளில்தான் செய்ய வேண்டும். ஆலை உற்பத்தி அந்தப் பட்டியலில் இல்லை. ஒரகடத்தில் நான்கு ஆண்டுகள் இயந்திரம் இயக்கிய அனுபவம் உள்ளவர் மெல்போர்ன் ஆலை ஒன்றில் நல்ல ஊதியத்தில் சேர்ந்தாலும், அது இரண்டாவது விசாவுக்கு உதவாது. அவருடைய கைத்திறனைவிட, திராட்சைக் கொடியைக் கத்தரிக்கக் குனியும் முதுகுக்கே அங்கே மதிப்பெண். போதாக்குறைக்கு, சில விலக்குகள் நீங்கலாக, ஒரே முதலாளியிடம் ஆறு மாதங்களுக்கு மேல் பணிபுரியவும் முடியாது.

இந்த விதி தற்செயலாக வந்ததன்று. உள்ளூர்வாசிகள் செல்லத் தயங்கும் தொலைதூரப் பண்ணைகளுக்கு ஆள் சேர்ப்பதற்காக 2005-இல், வேறு நாட்டினருக்கான மற்றொரு விடுமுறை விசாவில் முதலில் இது புகுத்தப்பட்டது. மூன்றாம் ஆண்டு வாய்ப்பு 2019 ஜூலையில் சேர்ந்தது. பண்பாட்டுப் பரிமாற்றம் என்ற பெயரில் தொடங்கிய ஏற்பாடு, அறுவடைக்கு ஆள் பிடிக்கும் ஏற்பாடாக உருமாறிய வரலாறு இது.

அதன் விளைவுகளை ஆஸ்திரேலிய அரசின் அமைப்புகளே பதிவு செய்திருக்கின்றன. பணியிட உரிமைகளைக் கண்காணிக்கும் ‘ஃபேர் வொர்க் ஆம்புட்ஸ்மன்’ அமைப்பு 2016 அக்டோபரில் வெளியிட்ட விசாரணை அறிக்கைக்காக, விடுமுறை விசாவில் வந்த 4,000-க்கும் மேற்பட்டோரிடம் கருத்துக் கேட்டது. குறைந்தபட்ச ஊதியத்துக்கும் கீழே கொடுக்கப்பட்டதாக 35 சதவீதத்தினர் கூறினர். வேலை கிடைப்பதற்கே முன்பணம் கட்டியதாக 14 சதவீதத்தினரும், வேலை செய்ததற்கான சான்றில் முதலாளியின் கையொப்பம் பெறப் பணம் கொடுத்ததாக 6 சதவீதத்தினரும் தெரிவித்தனர். இரண்டாம் ஆண்டு விசாவுக்கான நிபந்தனையே சுரண்டலுக்கு வழிகோலுகிறது என்பது அறிக்கையின் சாரம். அதே அமைப்பு பழத்தோட்டங்களிலும் காய்கறிப் பண்ணைகளிலும் நடத்தி 2018-இல் முடிவுகளை வெளியிட்ட ஆய்வின்படி, ஆய்வுக்குள்ளான நிறுவனங்களில் பாதிக்கும் மேற்பட்டவை தொழிலாளர் சட்டங்களை மீறியிருந்தன.

இரண்டு இடங்களிலும் வேலை செய்வது ஒரே பொறிமுறைதான். இங்கே 480 நாள். அங்கே 88 நாள். ஒரு பக்கம் அந்த எண்ணை எட்டவிடாமல் வைத்திருப்பதில் முதலாளிக்கு ஆதாயம். மறுபக்கம் அந்த எண்ணை எட்டித்தீர வேண்டிய தவிப்பில் முதலாளிக்கு அதிகாரம். அடுத்த ஆண்டு கையில் இல்லாதவர் இந்த ஆண்டின் குறையை வாய்விட்டுச் சொல்லமாட்டார் என்பதே இரண்டுக்கும் அடிப்படை. மேற்பார்வையாளரின் கையொப்பத்துக்காக இங்கே மௌனம் பழகிய இளைஞர், பண்ணைக்காரரின் கையொப்பத்துக்காக அங்கேயும் அதையே தொடர்வார்.

இந்தியர்களுக்கு இந்த அழுத்தம் கூடுதல். பிரான்ஸ் அல்லது ஜெர்மனியைச் சேர்ந்த ஓர் இளைஞருக்கு இது பல நாட்டு வாய்ப்புகளில் ஒன்று. பிடிக்காவிட்டால் கனடாவுக்கோ ஜப்பானுக்கோ போகலாம். இந்தியக் கடவுச்சீட்டுக்கு இத்தகைய கதவைத் திறந்திருக்கும் நாடுகள் மிகச் சில. 40 பேருக்கு ஒருவர் என்ற அளவில்கூட உறுதியில்லாத குலுக்கலில் தேர்வானவர், வீட்டில் நகையை அடகு வைத்துப் புறப்பட்டவராகவும் இருந்தால், 60-ஆவது நாளில் வேலையை உதறிவிட்டு வருவது எளிதா?

பிரிட்டன் காட்டும் இரண்டு பக்கங்கள்

நீட்டிப்பே இல்லாமல் செய்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று கருதுவதற்கும் இடமில்லை. 2023 பிப்ரவரியில் தொடங்கிய பிரிட்டனின் ‘இந்திய இளம் தொழில்வல்லுநர் திட்டம்’ பட்டதாரிகளுக்கு இரண்டு ஆண்டுகள் தருகிறது; ஆண்டுக்கு 3,000 இடங்கள்; நீட்டிப்பு கிடையாது. மேலும் தங்க வேண்டுமானால், பணியமர்த்தும் நிறுவனத்தின் ஆதரவுடன் திறன்மிகு பணியாளர் விசாவுக்கு மாற வேண்டும். அதற்கான பொதுவான ஊதிய வரம்பு 2024 ஏப்ரலில் 26,200 பவுண்டிலிருந்து 38,700 பவுண்டாகவும், 2025 ஜூலையில் 41,700 பவுண்டாகவும் உயர்ந்தது. 26 வயதுக்குட்பட்டோர் போன்ற சிலருக்குச் சலுகை இருந்தாலும், இரண்டு ஆண்டுகளுக்கு முன் கணக்குப் போட்டுப் புறப்பட்டவரின் இலக்கு அவர் அங்கிருக்கும்போதே நகர்ந்துவிட்டது.

மறுபக்கம், பிரிட்டன் தன் இளைஞர்களுக்காக ஆஸ்திரேலியாவிடம் பெற்றதைக் கவனிக்க வேண்டும். இரு நாடுகளின் தடையற்ற வணிக உடன்படிக்கையின் பயனாக, 2024 ஜூலை 1 முதல் பிரிட்டன் கடவுச்சீட்டு உள்ளவர்கள் ஒருநாள்கூடப் பண்ணையில் வேலை செய்யாமல் மூன்று ஆண்டு வரை விடுமுறை விசா பெறலாம். ஆக, 88 நாள் என்பது மாற்ற முடியாத விதியன்று. பேச்சுவார்த்தை மேசையில் பேசித் தளர்த்தக்கூடியது.

செய்யக்கூடியவை

1,000 இடங்களுக்கு இவ்வளவு கவலை தேவையா என்று கேட்கலாம். கதவு இப்போதுதான் திறக்கிறது. 2025 டிசம்பரில் பேச்சுவார்த்தை நிறைவடைந்ததாக அறிவிக்கப்பட்ட நியூசிலாந்து உடன்படிக்கையிலும் ஆண்டுக்கு 1,000 இந்தியர்களுக்குப் பணி விடுமுறை விசா இடம்பெற்றுள்ளது. வணிக உடன்படிக்கைகள் பெருகப் பெருக இத்தகைய விசாக்களும் பெருகும். விதிகள் இறுகுவதற்கு முன் பேசுவதே பயன் தரும்.

முதலாவது, ஒன்றிய அரசு. ஆஸ்திரேலியாவுடனான விரிவான பொருளாதார உடன்படிக்கைக்கான பேச்சில் இடங்களின் எண்ணிக்கையை மட்டும் கேட்டால் போதாது. ஊரகப் பகுதிகளின் ஆலை உற்பத்தியையும் பராமரிப்புப் பணியையும் ‘குறிப்பிட்ட வேலை’ப் பட்டியலில் சேர்க்கும்படி கேட்க வேண்டும். இயந்திரம் தெரிந்தவர் இயந்திரத்தோடு வேலை செய்தால் இரு நாட்டுக்கும் நன்மை.

இரண்டாவது, சட்டப் பாதுகாப்பு. 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படியான அனுமதி நடைமுறை, முதன்மையாகப் பத்தாம் வகுப்பு தேறாதோர் 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லும்போதே பொருந்துகிறது. ஆஸ்திரேலியா அந்தப் பட்டியலில் இல்லை. டிப்ளமோ படித்தவரும் அந்த வரம்புக்குள் இல்லை. ‘விடுமுறை’ என்ற சொல் அவரைச் சுற்றுலாப் பயணியாக்கிவிடுகிறது. அந்தச் சட்டத்துக்கு மாற்றாக 2025-இல் மக்கள் கருத்துக்காக வெளியிடப்பட்ட வரைவு இறுதி வடிவம் பெறும்போது, இந்த வகையினரையும் புலம்பெயர் தொழிலாளர்களாகவே கருத வேண்டும்.

மூன்றாவது, தமிழ்நாடு அரசு. 1978-இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும், அயலகத் தமிழர் நல வாரியமும் நம்மிடம் உள்ளன. புறப்படும் முன் தர வேண்டிய சில அடிப்படைத் தகவல்களை இவை தொழில் வளாகங்களுக்கே கொண்டுசெல்லலாம். கணினி நடத்தும் குலுக்கலில் எந்த முகவராலும் வாய்ப்பைக் கூட்ட முடியாது. ஊதியச் சீட்டும் வங்கிப் பதிவும் இல்லாத வேலை 88 நாள் கணக்கில் சேர்வது கடினம். 2022 ஏப்ரல் முதல், தோட்டங்களில் எடைக்கணக்கில் கூலி பெறுவோருக்கும் மணிக்கணக்கிலான குறைந்தபட்ச ஊதியம் உறுதி. விசா நிலையைக் காட்டி மிரட்டுவது 2024 ஜூலை முதல் அங்கே குற்றம். ஊதியச் சுரண்டலை எதிர்த்து வழக்காடுவோர் தற்காலிகமாகத் தங்குவதற்குத் தனி விசாவும் சோதனை முறையில் அறிமுகமாகியிருக்கிறது. 31 வயது பிறந்துவிட்டால் இரண்டாவது விசாவுக்கு விண்ணப்பிக்க முடியாது. விசா முடிந்தபின் 28 நாள்களுக்கு மேல் தங்கினால் மூன்று ஆண்டுகள் தற்காலிக விசா மறுக்கப்படலாம். இவை தெரிந்திருந்தால் தவிர்க்கக்கூடிய இழப்புகள் பல.

இவை அனைத்தும் வெளியே செல்வோருக்கானவை. செல்லாதோர் பல்லாயிரம் பேர் பிள்ளைப்பாக்கத்திலும் ஒரகடத்திலும் நாளையும் வேலைக்கு வருவார்கள். அவர்களுக்காக 1981-இல் எழுதப்பட்ட 480 நாள் வாக்குறுதி நேர்மையாகக் கடைப்பிடிக்கப்பட்டால், வெளிநாட்டில் இன்னும் ஓராண்டு தங்குவதற்காக எதையும் பொறுத்துக்கொள்ளும் நிலை எவருக்கும் வராது. திரும்பி வருவதற்கு ஒரு நல்ல வேலை ஊரில் இருப்பதுதான், அயல்நாட்டுப் பண்ணையில் ஒருவர் ‘முடியாது’ என்று சொல்வதற்கான முதல் துணிவு.