இறங்கும் நீரும் ஏறும் ஆட்களும்

கம்பம் பள்ளத்தாக்கில் நாள்தோறும் இரண்டு ஓட்டங்கள் நடக்கின்றன. ஒன்று மலையிலிருந்து இறங்குவது. தேக்கடியில் சுரங்கத்துக்குள் நுழையும் முல்லைப் பெரியாற்று நீர் லோயர்கேம்ப் பக்கம் இறங்கி, கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வயல்களை நனைத்துக்கொண்டு வீரபாண்டி வழியாக வைகைக்குப் போகிறது. மற்றது மலைக்கு ஏறுவது. இருட்டு விலகுவதற்கு முன்பே தூக்குவாளியில் சோற்றை எடுத்துக்கொண்டு, ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்த பெண்கள் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு சாலைகளில் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள். அந்தியில் திரும்புகிறார்கள். ஆண்டுக்கு இரண்டு போகம் விளையும் ஊரிலிருந்து இத்தனை பேர் ஏன் அடுத்த மாநிலத்து மலைக்குக் கூலிக்கு ஏற வேண்டும்? இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் தேடினால், மனிதர்கள் சமம் என்ற பேச்சைப் புத்தகத்திலிருந்து மண்ணுக்கு இறக்கிவிடலாம். இந்தப் பள்ளத்தாக்கில் யார் மேலே, யார் கீழே என்பதை இயற்கை தீர்மானிக்கவில்லை. தனிமனிதரின் திறமைக்கும் அதில் பங்கு குறைவு. அரசுப் பணமும் சட்டமும் பதிவேடும்தான் அதைப் பெருமளவு தீர்மானித்தன. ஆகவே அதைத் திருத்துவதும் அரசின் கடமை. தருமம் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் யோசனை பழையது. அதை இனியும் தள்ளிப்போட முடியாதபடி செய்தது 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சம். அந்தப் பஞ்சத்தில் அதிகம் மடிந்தவர்கள் நிலமில்லாக் கூலிகளும், நெசவாளர் போன்ற கைத்தொழிலாளரும். 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தோடு 999 ஆண்டுக் குத்தகை எழுதப்பட்டது. 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய். காய்ச்சலிலும் காலராவிலும் தொழிலாளர்கள் செத்து விழ, பொறியாளர் பென்னிகுக்கின் தலைமையில் அணை எழுந்தது. 1895 அக்டோபரில் தண்ணீர் திறக்கப்பட்டது. இன்றும் ஜனவரி 15 அன்று, அவர் பிறந்த நாளில், இந்த ஊர்கள் அவருக்குப் பொங்கல் வைக்கின்றன. அந்த நன்றி உண்மையானது. ஆனால் பஞ்சத்தில் செத்தவர்களின் பெயரால் வந்த தண்ணீர், பட்டா வைத்திருந்தவர்களின் வயலுக்குப் போனது. பாசன உரிமை நிலத்தோடு ஒட்டியது. நிலம் இல்லாதவருக்கு ஆயக்கட்டில் இடமில்லை. இன்று கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக ஆயக்கட்டு 14,707 ஏக்கர். மானாவாரிக் காடாக இருந்த இடம் நஞ்சையானபோது அதன் மதிப்பு பல மடங்கு ஏறியது. ஏற்றியது பொதுப்பணம். ஏற்றத்தை எடுத்துக்கொண்டது தனிக்குடும்பம். நடவும் அறுப்பும் கூலிக்காரர்களுக்குக் கிடைத்தது மெய்தான். டிராக்டரும் அறுவடை இயந்திரமும் வந்த பிறகு அந்த நாட்களும் சுருங்கிவிட்டன.

‘ஐந்து விரலும் ஒன்றா?’ என்று இங்கே கேட்பார்கள். மனிதர்கள் திறமையில் வேறுபடுகிறார்கள், எனவே நிலையிலும் வேறுபடுவார்கள் என்பது அதன் பொருள். திறமை வேறுபடுகிறது என்பதை யாரும் மறுக்க வேண்டியதில்லை. எல்லோருக்கும் ஒரே வருமானம் வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. ஆனால் இந்த வாதம் நிற்க வேண்டுமானால், மேலே இருப்பவர்கள் திறமையால் மேலே வந்தார்கள் என்று காட்ட வேண்டும். இங்கே கோடு ஓடுவது திறமையின் வழியாக அல்ல, வாய்க்காலின் வழியாக. வாய்க்காலுக்குக் கீழே பட்டா வைத்திருந்தவரின் பேரன் மந்தமானவனாக இருந்தாலும் இருபோகக்காரன். வாய்க்காலை வெட்டியவரின் பேத்தி எத்தனை சுறுசுறுப்பாக நட்டாலும் கூலிக்காரி. ஏலக்காய் எடுப்பதும் சாதாரணக் கைவேலை இல்லை. எந்தக் காய் பருவத்துக்கு வந்திருக்கிறது, எது இன்னும் பிஞ்சு என்று குனிந்த நிலையில் பார்த்துப் பார்த்துக் கிள்ள வேண்டும். அந்தத் தேர்ச்சிக்குச் சந்தையில் மதிப்பு உண்டு. அது அவள் கைக்கு வந்து சேருவதில்லை.

பிறப்பிலேயே ஒருவரின் நிலை எழுதப்பட்டிருக்கிறது என்று நம்புகிறவர்கள் இதே வட்டாரத்தின் நூறாண்டு வரலாற்றைப் பார்க்க வேண்டும். பிரமலைக் கள்ளர்களைக் குற்றப் பழங்குடிகள் சட்டம் பிறவிக் குற்றவாளிகள் என்று முத்திரை குத்தியது. கைரேகை வைக்க வேண்டும், இரவில் காவல் நிலையத்தில் ஆஜராக வேண்டும், வெளியூர் போகச் சீட்டு வாங்க வேண்டும். மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டு 16 பேர் செத்தார்கள். அன்றைய அதிகாரிகளுக்கும் படித்தவர்கள் பலருக்கும் அது ரத்தத்திலேயே ஊறிய குணமாகத் தோன்றியது. 1947-ல் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது. அதற்கு முன்பே தொடங்கிய கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றும் நடக்கின்றன. அந்தச் சமூகத்திலிருந்து ஆசிரியர்களும் அதிகாரிகளும் சட்டமன்ற உறுப்பினர்களும் வந்தார்கள். குணம் ரத்தத்தில் இருந்திருந்தால் ஒரு சட்டத்தை எடுத்ததாலும் பள்ளிக்கூடம் திறந்ததாலும் மாறியிருக்காது. ‘நாங்கள் உழைத்து மேலே வந்தோம், மற்றவர்களும் வரட்டும்’ என்று சொல்கிற எந்தச் சமூகத்துக்கும் இதுதான் பதில். உழைப்பு எப்போதும் இருந்தது. கதவு திறந்த பிறகுதான் அது பலித்தது.

தலித் மக்களுக்கு அந்தக் கதவு பாதிதான் திறந்தது. பள்ளிக்கூடமும் இட ஒதுக்கீடும் ஒரு பகுதியினரை நகரத்துக்கும் வேலைக்கும் கொண்டுபோயின, நிலம் வரவில்லை. 1892-ல் மாகாண அரசு அவர்களுக்கென ஒதுக்கத் தொடங்கிய பஞ்சமி நிலம் பல ஊர்களில் விதியை மீறிக் கைமாறிப்போனது. 1961-ன் நில உச்சவரம்புச் சட்டம் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என்று வரம்பு வைத்தது, 1970-ல் அது 15 ஆனது. தேயிலை, காபி, ஏலம் போன்ற மலைத்தோட்டங்களுக்கு விலக்கு கிடைத்தது. சாதி இங்கே சடங்குக்கும் திருவிழா முதல் மரியாதைக்கும் மட்டும் உரியதில்லை. யாருடைய பெயரில் பட்டா, யாருடைய வயலில் யார் குனிவது என்பதும் சாதிதான். வர்க்கம் வேறு, சாதி வேறு என்று இருவேறு மேடைகளில் நின்று சண்டை போடுகிறவர்கள் இந்த வயல்களில் அவை ஒரே வரப்பில் சந்திப்பதைப் பார்ப்பதில்லை. வாக்கில் சமத்துவத்தையும் வாழ்க்கையில் ஏற்றத்தாழ்வையும் ஒருசேர வைத்துக்கொண்டு நெடுநாள் ஓட்ட முடியாது என்று அம்பேத்கர் 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் எச்சரித்தார். கம்பத்துக்காரர்களுக்கு அது தொலைதூரத் தத்துவம் இல்லை.

மலையில் நிலைமை இன்னும் சிக்கல். 1956-ல் மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தோடு போயின. அதனால் இந்தப் பெண்களுக்கு வாக்கு ஒரு மாநிலத்தில், வேலை இன்னொரு மாநிலத்தில். 1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, மருத்துவம், பிள்ளைக்காப்பகம் எல்லாம் வகுத்தது. அது தோட்டத்து லயங்களில் தங்கி வேலை செய்கிறவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. 1979-ன் புலம்பெயர் தொழிலாளர் சட்டமும் ஊரைவிட்டுப் போய்த் தங்குகிறவரையே எண்ணியது. விடியலில் போய் அந்தியில் திரும்புகிறவர் இரண்டின் ஓரத்திலும் நின்றார். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணை பற்றிய இரு மாநிலத் தகராறு கொதித்தபோதும், 2020-ல் கொரோனாவுக்காக எல்லை அடைபட்டபோதும் முதலில் கூலி இழந்தவர்கள் இவர்களே. ‘கூலியைக் கூட்டினால் தோட்டம் தாங்காது’ என்ற எதிர்வாதத்தை அலட்சியம் செய்ய மாட்டேன். இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிக்கு விலைச் சரிவு உயிர்ப்பிரச்சினை. ஆனால் 2019 ஆகஸ்டில் புத்தடி ஏல மையத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் வரை போனபோது கூலி அந்த வேகத்தில் ஏறவில்லை. இறக்கத்தில் பங்கு உண்டு, ஏற்றத்தில் இல்லை என்பது என்ன நியாயம்? அதே மாவட்டத்தில் மூணாறு தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் 2015 செப்டம்பரில் சாலையில் உட்கார்ந்து 20 விழுக்காடு போனஸ் வாங்கிக் காட்டினார்கள். அவர்கள் லயங்களில் ஒன்றாக வாழ்ந்தவர்கள். ஒவ்வொரு ஊரிலிருந்தும் ஒவ்வொரு ஜீப்பில், கங்காணி சொல்லும் தோட்டத்துக்குப் போகிறவர்களுக்கு அப்படிக் கூடுவது கடினம்.

இன்னொரு முணுமுணுப்பும் உண்டு. ரேஷன் அரிசியும் நூறு நாள் வேலையும் வந்து வயலுக்கு ஆள் வராமல் போயிற்று என்பார்கள். அதாவது, கொடுத்த கூலிக்கு வர மாட்டேன் என்று சொல்லும் வலு முதன்முறையாகக் கூலிக்காரருக்கு வந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்பதையும் பல கிராமங்கள் நூறு நாள் வேலையில்தான் கண்டன. இலவசம் என்று பார்த்தால் பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் இருக்கிறது. 2021-ல் தமிழக அரசு கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாயைத் தள்ளுபடி செய்தது. விவசாயி கடனில் மூழ்கியிருக்கும் நாட்டில் அதை நான் வரவேற்கிறேன். ஆனால் பயிர்க்கடன் வாங்கவே நிலம் வேண்டும். அந்த 12,110 கோடியில் நிலமில்லாத பெண்ணுக்கு ஒரு ரூபாய் கிடையாது. அவள் வாங்கும் அரிசியை மட்டும் இலவசம் என்றும் சோம்பேறித்தனம் என்றும் பேசுவது அநீதி.

செய்ய வேண்டியவை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. விடியற்காலையில் கம்பம், கூடலூர், போடியிலிருந்து தோட்டப் பகுதிகளுக்கு இரு மாநில அரசுப் பேருந்துகளும் ஓட வேண்டும். தினமும் எல்லை தாண்டும் தொழிலாளர்களைத் தமிழகமும் கேரளமும் ஒரே பதிவேட்டில் எழுத வேண்டும். மலையில் விபத்து நடந்தால் எந்த மாநிலம் பொறுப்பு என்ற வழக்காடலே எழக்கூடாது. ஏலக்காய் விலை ஏறும்போது கூலியும் ஏறும்படி விதி வேண்டும். பள்ளத்தாக்கில் நிலமற்ற குடும்பங்களுக்கு வீட்டுமனைப் பட்டா, அதுவும் பெண்ணின் பெயரில், தர வேண்டும். தண்ணீருக்காக இரண்டு அரசுகள் 1886-ல் உட்கார்ந்து 999 ஆண்டுக்கு ஒப்பந்தம் எழுத முடிந்தது. மலையேறும் பெண்களுக்காக இரு மாநிலத் தொழிலாளர் துறைகளும் இந்த ஆண்டே உட்கார்ந்து எழுதட்டும். தேனியிலும் இடுக்கியிலும் வாக்குக் கேட்டு வரும் ஒவ்வொருவரிடமும் நாம் இதைக் கேட்போம்.