உமிக்குள் ஒளிந்திருக்கும் வெல்லம்

காத்தான்குடியில் நமக்குப் பழக்கமான அரிசி ஆலையொன்று உண்டு. படுவான்கரை வயல்களின் நெல் வாவியைக் கடந்து அங்கே வந்து சேரும். சென்ற மாதம் அரிசி வாங்கப் போனபோது, ஆலையின் பின்புறத்தே உமி கூரை மட்டத்துக்குக் குவிந்திருக்கக் கண்டோம். நெல் அவிக்கும் அடுப்புக்கும் செங்கற்சூளைக்கும் போக மிஞ்சியது அது. "இதற்குள்ளே சீனி இருக்கிறது, காக்கா" என்றோம் ஆலைக்காரரிடம். "மாடே தின்னாத சாமானில் சீனியா, மாஸ்ரர்?" என்று சிரித்தார் அவர். அன்று நின்ற நிலையிற் சொன்னதை இங்கே சற்று விரித்துரைப்போம்.

நெல்லின் நிறையில் ஏறக்குறைய 100க்கு 20 பங்கு உமி. அவ்வுமியில் எரித்தபின் சாம்பலாக எஞ்சும் சிலிக்கா ஒரு பகுதி. இலிக்கினின் என்னும் மரப்பொருள் ஒரு பகுதி. மிகுதியிற் பெரும்பாகம் வெல்லச் சங்கிலிகளே. குளுக்கோசைக் கோத்த சங்கிலி செலுலோசு. சைலோசு முதலிய வெல்லங்களைக் கோத்தது அரைச்செலுலோசு. பின்னது கட்டுத் தளர்ந்ததாதலின் முதலிற் கழல்வது அதுவே.

அச்சங்கிலியின் ஒவ்வோர் இணைப்பிலும் ஒரு நீர் மூலக்கூற்றைப் புகுத்தினால் சைலோசு தனியே பிரியும். பிரிந்த சைலோசு மூலக்கூற்றிலிருந்து 3 நீர் மூலக்கூறுகளைப் பறித்தால், பர்பியூரல் என்னும் எண்ணெய் போன்ற திரவம் கிட்டும். வார்ப்புத் தொழிலில் மணல் அச்சுக்களை இறுக்கும் பிசினுக்கு இதுவே தாய்ப்பொருள். நீருக்குள்ளேயே வைத்து நீரைக் கொடுப்பதும் பறிப்பதும் வேடிக்கையன்றோ! இரண்டையும் செய்விப்பது அமிலம்.

அமெரிக்காவின் குவேக்கர் ஓட்ஸ் கம்பெனியார் தம்மிடம் குவிந்த ஓட்ஸ் உமியைக் கந்தக அமிலத்தோடு சூடாக்கி, 1920களின் தொடக்கத்திலேயே பர்பியூரலைத் தொழிலாகச் செய்யத் தொடங்கினர். ஆனால், கந்தக அமிலம் நீரிற் கரைந்துவிடுவது. கலத்தை அரிக்கும், வேலை முடிந்தபின் சுண்ணாம்பிட்டு அதனை அடக்கினால் கல்சியஞ் சல்பேற்றுச் சேறு மிஞ்சும். அச்சேற்றை எங்கே கொட்டுவது? கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் எழுவான்கரையில், வாவி மீனையும் இறாலையும் நம்பி வாழ்வோர்க்கு இது சிறிய கேள்வியன்று.

கரையாத அமிலம் ஒன்றிருந்தால்? இருக்கிறது. சியோலைற்று என்பது சிலிக்கனும் அலுமினியமும் ஒட்சிசனும் சேர்ந்த, தேனடை போலத் துளைகள் நிறைந்த திண்மம். அலுமினியம் அமர்ந்த இடங்களிற் புரோத்தன்கள் ஒட்டி நின்று அமிலத்தின் வேலையைச் செய்யும். புனே நகரின் தேசிய இரசாயன ஆய்வுகூடத்தைச் சேர்ந்த பரேஷ் தேபேயும் உடன் ஆய்ந்தவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வு இத்தகைய திண்ம அமிலங்களைப் பற்றியது. கரும்புச் சக்கை, கோதுமை வைக்கோல், நம் நெல்லுமி ஆகியவற்றிலுள்ள அரைச்செலுலோசைத் தனியே பிரித்தெடுக்காமலே, ஒரே கலத்திற் சூடாக்கிச் சைலோசும் அரபினோசும் பர்பியூரலும் பெற்றனர். நீரோடு கலவாத கரைப்பானொன்றை உடனிட்டால் பிறக்கும் பர்பியூரல் அதனுள் ஏறிக்கொள்ளும். நீரிலேயே கிடந்தால் வெல்லத்தோடு கூடிக் கரும்பிசினாகிப் பாழாகும்.

இதனை வகுப்பிற் கூறியபோது ஒரு மாணவி எழுந்தாள். "ஊக்கியை வடித்தெடுக்கலாம் என்றீர்கள், சேர். எஞ்சிய உமியும் வடிதாளில் தங்குமே?" நாம் சற்றுநேரம் கரும்பலகையைப் பார்த்து நின்றோம். எரித்துப் பிரிக்கலாமென்றால் உமிச் சாம்பலும் சிலிக்கா, ஊக்கியிலும் சிலிக்கா! அதுமட்டுமா? உமியிலுள்ள பொற்றாசியம் புரோத்தனின் இருக்கையைப் பறித்துக்கொள்ளும். மிகுசூட்டு நீர் நாளடைவில் துளைகளையே சிதைக்கும். உமியை முதலில் வெறும் வெந்நீரில் அழுத்தத்தோடு அவித்து, வடித்த வெல்லச் சாற்றை மாத்திரம் ஊக்கியின்மேல் ஓடவிடுவது ஒரு வழி. விறகுச் செலவு கூடினும் நமக்கு அதுவே நேர்வழியாகத் தோன்றுகிறது.

மறுமுறை சென்றபோது இதையும் ஆலைக்காரரிடம் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். "அந்த மெசின் இங்கே வரட்டும், மாஸ்ரர், உமியைச் சும்மாவே தருகிறேன்" என்றார். அதற்குள் சூளைக்காரரின் உழவு இயந்திரம் பெட்டியோடு வந்து நிற்கவே, உமி அள்ளுவிக்கப் போய்விட்டார்.