இடிப்பதற்கு முன் பதியுங்கள்

பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலை 2010இல் 'லிட்டில் இந்தியா' ஆனது. 2015இல் இந்திய அரசின் அன்பளிப்பாகத் தோரண வாயிலும் வந்தது. அந்தக் காலகட்டத்தில்தான், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரயில்வே ஊழியர்களுக்காகக் கட்டிய 'ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ்' வரிசை வீடுகள் தரைமட்டமாயின. வாயில் யாரைப் பெருமைப்படுத்த எழுந்ததோ, அவர்கள் குடியிருந்த வீடுகள் இன்றில்லை. எங்கள் நிலைப்பாடு இதுதான்: கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் தொழிலாளர் வரலாறு நடந்த இடங்களை ஊராட்சி மன்றங்கள் பட்டியலிட வேண்டும், ஆவணப்பதிவு முடியும்வரை அங்கே இடிப்பு அனுமதி தரக் கூடாது.

அழகற்ற கட்டடத்தை ஏன் காக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். புடு சிறைச்சாலை பெருமைப்படத்தக்க இடமல்ல என்று நாடாளுமன்றத்திலேயே சொல்லப்பட்டது. 2010இல் அதன் மதில் விழுந்தது. ஆனால் 2005ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரியச் சட்டத்தில் அழகு பல அளவுகோல்களுள் ஒன்றுதான். வரலாற்று முக்கியத்துவமும் சமூக, பண்பாட்டுத் தொடர்பும் தனித்தனியே இடம்பெற்றுள்ளன. சட்டம் இருக்கிறது, அது வந்து சேர்வதுதான் தாமதம். பூஜாங் பள்ளத்தாக்கில் அரசிதழில் ஏறாத நிலத்தில் இருந்த பதினொன்றாம் எண் சண்டி (பழங்கோயில்) இடிக்கப்பட்டது 2013இல் வெளியே தெரிந்தது. பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்தா ஆசிரமம் தப்பியது. 2014இல் அங்கே அடுக்குமாடித் திட்டம் வந்தபோது மக்கள் திரண்டு எதிர்த்ததால்தான் பின்னர் அதற்குச் சட்டப் பாதுகாப்புக் கிடைத்தது. திரள ஆளில்லாத இடங்களின் கதி என்ன?

அத்தகைய இடங்கள் கிள்ளானைச் சுற்றி உண்டு. 1941இல் இப்பகுதி ரப்பர்த் தோட்டத் தமிழர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும், துரையைக் கண்டதும் சைக்கிளைவிட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்று கேட்டார்கள். தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். ராணுவம் வந்தது, தொழிலாளர்கள் சுடப்பட்டு இறந்தார்கள். தோட்டங்கள் பல இப்போது வீடமைப்புப் பகுதிகள். ஆகவே பட்டியலில் கட்டடம் மட்டும் போதாது, வெற்று நிலமும் சேர வேண்டும்.

நில உரிமையாளர் நட்டப்படுவார் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. எல்லாவற்றையும் நிறுத்திவைக்க நாங்கள் சொல்லவில்லை. அளந்து, படமெடுத்து, வாழ்ந்தவர்களின் வாய்மொழியைப் பதிந்த பிறகு சில இடங்கள் போகத்தான் செய்யும். செலவு பெரிதல்ல; தெருவை 'லிட்டில் இந்தியா' ஆக்கப் பணம் இருந்ததே! சுற்றுலாக் கூட்டம் மொய்க்கும் என்ற அச்சத்துக்கும் இடமில்லை, பதிவேடு விளம்பரப் பலகையன்று. கிள்ளான் சிலாங்கூரைச் சேர்ந்தது, மாநிலத்தின் இசைவின்றிக் கூட்டரசு அங்கே எதையும் பாரம்பரியத் தளமாக்க முடியாது. எனவே எங்கள் முதல் மனு கூட்டரசு இருக்கும் புத்ராஜெயாவுக்கல்ல, மாநிலத் தலைநகர் ஷா ஆலமுக்குப் போகிறது.