வண்ணம் பூசினால் ஈரம் போகுமா?



மும்பையின் மழையை நாம் அறிவோம். ஜூன் திங்களில் இறங்கும் மழை, அக்டோபர்த் தொடக்கத்தில்தான் விடைபெறுகிறது. ஜூலையில் மட்டும் இங்கே 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. சென்னை ஓராண்டு முழுவதும் பெறும் மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர்தான் என்பதை எண்ணிப் பாருங்கள்! இந்த மழையோடு நம் விடுதி அறைகளுக்குள் ஒரு விருந்தாளியும் வந்து சேர்கிறான். அழைக்காமல் வந்து, சொல்லாமல் தங்கி, சுவரையும் புத்தகத்தையும் தோற்செருப்பையும் தின்று கொழுக்கும் அவனுடைய பெயர் பூசணம்.

ஆண்டுதோறும் நடப்பது என்ன? மழை ஓய்ந்ததும் பெயிண்டர் வருகிறார். கருந்திட்டுகளைச் சுரண்டுகிறார். பளபளப்பான பூச்சு ஒன்றைப் பூசிவிட்டுப் போகிறார். அறை புதுப்பெண் போல விளங்குகிறது. அடுத்த ஆடியில் அதே மூலையில் அதே கறை! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவரைப் பற்றிப் பழமொழி உண்டு. பூசணத்தைப் பூச்சில் மறைப்பவரை நான் இங்கேதான் கண்டேன்.

என் கருத்து இதுதான்: பூசணத்தை ஒழிப்பது முதலில் கொத்தனாரின் வேலை, அடுத்தது நம் வேலை, பெயிண்டரின் வேலை கடைசியில்தான்.

ஏன் அப்படிச் சொல்கிறேன்? பூசணத்தின் வித்துகள் காற்றில் எங்கும் மிதக்கின்றன. அவற்றை அடியோடு ஒழிப்பது ஆகாத காரியம். அவை முளைக்க உணவு வேண்டும், ஈரம் வேண்டும். சுவரில் படிந்த தூசி, பெயிண்டில் கலந்த பசை, மரம், தாள் யாவும் அவற்றுக்கு உணவு. ஆகவே உணவை மறுப்பது கடினம். ஈரத்தை மறுக்கலாம். நனைந்த பொருளை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்திவிட்டால் பெரும்பாலும் பூசணம் பிடிப்பதில்லை. அறைக் காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்குக் கீழே இருப்பது நல்லது. ஜூலையில் வெளிக்காற்றே 80 விழுக்காட்டைத் தாண்டி நிற்கும் ஊரில், சுவரும் நனைந்தால் என் செய்வது?

சுவருக்கு ஈரம் வரும் வழி மூன்று. மாடித்தள வெடிப்பு, சன்னல் விளிம்பு, உடைந்த குழாய் வழியே மழை வருகிறது. விளக்குத்திரி எண்ணெயை இழுப்பது போல், செங்கல் நிலத்து நீரை மேலே இழுக்கிறது. கட்டும்போதே அடித்தளத்தின் மேல் நீர் புகாத அடுக்கு வைத்தால் அது நிற்கும். மூன்றாவது வழி நாமே! அறைக்குள் காயப்போடும் ஒவ்வொரு துணியின் ஈரமும் அறைக் காற்றில்தான் கலக்கிறது. கறை இருக்கும் இடத்தைப் பார்த்தாலே பெரும்பாலும் காரணம் விளங்கும். கூரையோரம் என்றால் மாடியைப் பாருங்கள். தரையை ஒட்டி என்றால் நிலத்தைப் பாருங்கள். பீரோவின் பின்னால் என்றால் காற்றோட்டமில்லை என்று பொருள். பீரோவை ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

கட்டும் பொருளும் கணக்கில் சேர வேண்டும். ஈரச் சுவரின்மேல் பிளாஸ்டிக் வகைப் பெயிண்டைப் பூசினால் ஈரம் உள்ளே சிறைப்படும். பின்பு கொப்புளித்து உரியும். சுண்ணாம்போ ஈரத்தை வெளியேற விடும். அதன் காரத்தன்மையும் பூசணத்துக்கு ஒவ்வாது. செட்டிநாட்டு வீடுகளின் சுண்ணாம்புக் காரையைப் பழமைப் பற்றினால் புகழவில்லை. அதன் வேதியியலைச் சொல்கிறேன். அந்தக் காரமும் நாளடைவில் குறையும். பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடிக்கும் வழக்கம் அதைப் புதுப்பித்தது. ஆனால், ஒழுகும் மாடியைச் சுண்ணாம்பும் காப்பாற்றாது. தாள் ஒட்டிய ஜிப்சம் தடுப்பும் மரத்தூள் பலகை அலமாரியும் ஈரமான அறைக்கு ஆகா. நனைந்தால் அவை பூசணத்துக்குப் பந்தி விரித்தது போலத்தான்.

“கறைதானே, போகட்டும்” என்பீர்களா? ஓதமும் பூசணமும் உள்ள கட்டடங்களில் வாழ்வோரிடம் மூச்சுத் தொல்லைகளும் ஆஸ்துமாவும் மிகுதி என்று உலக சுகாதார நிறுவனம் 2009ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டியது. இரவெல்லாம் இருமும் அறைத்தோழனைக் கேளுங்கள். இது அழகைப் பற்றிய பேச்சன்று என்பது புரியும்.

“பணமில்லை” என்பார்கள். ஆண்டுதோறும் பெயிண்டுக்குப் பணம் இருக்கிறதே! அந்தப் பணத்தில் ஒரு பங்கை மாடி வெடிப்பை அடைக்கச் செலவிட்டால் பெயிண்டுச் செலவே குறையுமே!

ஆகவே நம் மன்றம் விடுதி நிர்வாகத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்க வேண்டும். மே திங்களிலேயே மாடியையும் குழாய்களையும் பழுது பார்க்க வேண்டும். துணி உலர்த்த, கூரையிட்ட காற்றோட்டமான இடம் ஒன்று தரவேண்டும். சுவர் உலர்ந்ததை உறுதி செய்த பின்பே பெயிண்டு பூச வேண்டும். இடம் கிடைத்த நாள் முதல், அறைக்குள் கொடி கட்டுவதை நாமும் விட்டுவிட வேண்டும்.

முதலில் சுவர் உலரட்டும். பிறகு வண்ணம் மலரட்டும்!